மூச்சுக்குப் பொறுப்பான இடம்: சுவாச வைரஸ்கள் மூளைக்குச் செய்வது என்ன?

"எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஸ்கானும் எடுத்தாச்சு. நுரையீரல் சுத்தமாம். ஆனா மூச்சு முந்தின மாதிரி இல்லைப் பிள்ளை."

வன்னியில் வேறு விடயங்களுக்காகச் செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் கடந்த சில ஆண்டுகளாக நான் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. காணி பற்றியோ காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியோ பேசிக்கொண்டிருப்போம். நடுவில் இந்தக் கதை வரும். கொரோனா வந்து போன பிறகு என்பார்கள் சிலர். ஒரு கடும் காய்ச்சலுக்குப் பிறகு என்பார்கள் வேறு சிலர். அநேகமானோருக்குக் கிடைத்த பதில் மட்டும் ஒன்றுதான்: "அது யோசனை. சண்டைக்குள்ள இருந்து வந்த ஆக்களுக்கு அப்பிடித்தான்."

அந்தப் பதில் சிலருக்குச் சரியாக இருக்கலாம். சிலருக்கு அது உயிராபத்தில் கொண்டுபோய் விடலாம். நான் வைத்தியர் அல்ல, ஊடகக் கற்கை படித்தவள். ஆனாலும் சுவாச வைரஸ்களும் மூளையும் பற்றி 2020இற்குப் பிறகு வந்த ஆய்வுகளையும் அதற்கு முந்திய சில வரலாறுகளையும் தேடி வாசித்ததில், எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் இருப்பதாகப் பட்டது.

தாளம் போடும் இடம்

நுரையீரல் தானாக விரியாது. பிரிமென்தகடும் விலாவென்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் இழுத்தால்தான் காற்று உள்ளே வரும். அந்தத் தசைகளுக்கான கட்டளை மூளைத்தண்டிலிருந்து வருகிறது. மூளையும் முள்ளந்தண்டு வடமும் சந்திக்கும் பகுதியில், பிடரிக்கு உள்ளே இருப்பது நீள்வளைய மையவிழையம். சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த அதே பெயர்தான். அதற்குள் இருக்கும் சில ஆயிரம் நரம்புக் கலங்களின் கூட்டம் ஒன்று மூச்சின் தாளத்தைப் போடுகிறது. 1991இல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் ஆகியோரின் குழு இதை எலிகளில் அடையாளம் கண்டது. அதற்கு வைத்த பெயர் 'முன் பொட்சிங்கர் தொகுதி'. பொட்சிங்கர் யாரோ பெரிய விஞ்ஞானி என்று நினைத்துத் தேடினேன். அது ஜேர்மனியில் நடந்த மாநாடு ஒன்றில் மேசையில் இருந்த வைன் போத்தலின் பெயராம்.

கட்டளை அங்கிருந்து முள்ளந்தண்டு வடத்தின் வழியே இறங்கி, கழுத்தின் 3ஆம், 4ஆம், 5ஆம் நரம்பு வேர்கள் வழியாகப் பிரிமென்தகட்டுக்குப் போகிறது. இந்த எண்களை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

எவ்வளவு வேகமாக மூச்சு விடவேண்டும் என்பதை மூளைத்தண்டு இரண்டு வழிகளில் அறிகிறது. ஒன்று, குருதியில் காபனீரொட்சைட்டு கூடுவதை மூளைத்தண்டே உணர்கிறது. மற்றது, கழுத்தின் இரு பக்கமும் கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி மணியளவில் இருக்கும் உணரிகள், ஒட்சிசன் குறைவதை அறிவிக்கின்றன. இவற்றில் முதலாவதுதான் அன்றாடம் வேலை செய்வது. மூச்சை அடக்கினால் நெஞ்சு வெடிப்பதுபோல் வரும் தவிப்பு பெரும்பாலும் காபனீரொட்சைட்டு கூடுவதால் வருவது, ஒட்சிசன் குறைவதால் அல்ல. மூச்சடக்கிச் சுழியோடுபவர்களுக்கு இதன் ஆபத்து தெரியும். இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும், தவிப்பு பிந்தி வரும். அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நீருக்குள்ளேயே மயங்கிப் போவார்கள்.

தவிப்பே இல்லாத மூச்சுத்திணறல்

2021 ஓகஸ்டில் டெல்டா திரிபு நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தபோது, என்னுடைய மாமா ஒருவருக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல். 66 வயது, நீரிழிவும் உண்டு. அயல்வீட்டார் வாங்கி வைத்திருந்த ஒக்சிமீற்றரை விரலில் மாட்டிப் பார்த்தோம். 82. மெசின் பிழையாக்கும் என்று என் விரலில் மாட்டினேன், 98 காட்டியது. மாமா கதிரையில் இருந்து, "எனக்கொண்டும் இல்லைப் பிள்ளை, தேத்தண்ணி போட்டுத் தா" என்றார். 1990 அம்புலன்ஸுக்கு அழைத்ததற்கு எங்களோடு கோபித்துக்கொண்டார். 11 நாள் ஒட்சிசனோடு வோட்டில் இருந்துவிட்டுத்தான் வீடு வந்தார்.

மாமாவைப் போன்றவர்களை உலகம் முழுதும் வைத்தியர்கள் கண்டார்கள். 2020 பெப்ரவரியிலேயே சீன, யப்பானிய ஆய்வாளர்கள் சிலர் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்கள்: வைரஸ் மூளைத்தண்டில் உள்ள சுவாச மையத்தையே தாக்குகிறதோ? கருத்துக்கு அடிப்படை இருந்தது. 2008இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், முதலாவது சார்ஸ் வைரஸை மனித ஏற்பி கொண்ட எலிகளுக்கு மூக்கின் வழியே கொடுத்தபோது, அது மணநரம்பு வழியாக மூளைக்குள் ஏறியது. நுரையீரல் பெரிதாகக் கெடாமலே எலிகள் செத்தன.

மனிதரில் கதை அப்படி இல்லை. ஜேர்மனியின் ஹம்பர்க்கில் கோவிட்டால் இறந்த 43 பேரின் மூளைகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். பரிசோதித்த 40 பேரில் 21 பேரின் மூளையில் வைரஸின் தடயம் இருந்தது. ஆனால் தடயம் இருந்தவர்களின் மூளை மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகக் கெட்டிருக்கவில்லை. கிட்டத்தட்ட எல்லோரிலும் காணப்பட்டது வேறொன்று: மூளையின் காவற்கலங்கள் கிளர்ந்தெழுந்திருந்தன, அதுவும் மூளைத்தண்டிலும் மூளியிலும் அதிகமாக. நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 41 பேரில் செய்த ஆய்விலும் இதே சாயல்தான். வைரஸ் மிகச் சொற்பம், அழற்சியும் ஒட்சிசன் குறைவின் பாதிப்பும் தாராளம். மணம் போனதற்கும் வைரஸ் மணநரம்பைத் தின்றது காரணமல்ல என்று பிறகு தெரிந்தது. நரம்பைத் தாங்கி நிற்கும் துணைக் கலங்களே தொற்றுக்கு ஆளாகியிருந்தன.

அப்படியானால் மாமாவுக்கு ஏன் மூச்சு முட்டவில்லை? எனக்கு அதிகம் ஏற்புடையதாகப் படுவது அமெரிக்க நுரையீரல் நிபுணர் மார்ட்டின் டோபின் தந்த விளக்கம். அது அந்தச் சுழியோடியின் கதைதான். கோவிட் தொற்றின் தொடக்கத்தில் ஒட்சிசன் குருதிக்குள் போவது தடைப்படும், ஆனால் காபனீரொட்சைட்டு தடையின்றி வெளியேறும். அது கூடாதவரை மூளைத்தண்டு அமைதியாக இருக்கும். கழுத்திலுள்ள உணரியோ ஒக்சிமீற்றர் அளவு ஏறக்குறைய 90இற்குக் கீழே போகும்வரை பெரிதாகச் சத்தம் போடாது. முதியவர்களிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் அந்த உணரி இன்னும் மந்தம். மூளை கெட்டுப்போகாமலே, அதன் இயல்பான வேலைமுறை காரணமாகவே ஆபத்து மறைந்துவிடுகிறது.

ஒக்சிமீற்றரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அது தோலின் ஊடாக ஒளியைச் செலுத்தி அளப்பது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 டிசெம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, உண்மையில் ஒட்சிசன் குறைந்திருக்கும்போது கருவி நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு. எங்கள் தோலும் வெள்ளை அல்ல. கருவி 93 காட்டினால், உண்மை அதைவிடக் குறைவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

உண்மையாகவே மூச்சு மையத்தைத் தாக்கியவை

வைரஸ் ஒன்று மூச்சுக்கான நரம்புகளையே அழிக்கும் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி போலியோ. அது வாயால் நுழைந்து குடலில் பெருகும் வைரஸ், சுவாச வைரஸ் அல்ல. 1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் பரவியபோது, பிளெக்டம் வைத்தியசாலைக்கு நாளொன்றுக்கு 50 பேர் வரை வந்தார்கள். மூளைத்தண்டும் மூச்சுத் தசைகளும் பாதிக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்தார்கள். அவர்கள் சாவது மூளை அழிவதால் அல்ல, காபனீரொட்சைட்டு வெளியேறாமல் தேங்குவதால் என்று கண்டறிந்தவர் பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர். ஓகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார். பிள்ளை பிழைத்தாள். அதன் பின் சுமார் 1500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, நோயாளிகளுக்கு அருகில் இருந்து பையை அழுத்தினார்கள். கிட்டத்தட்ட 90 வீதமாக இருந்த இறப்பு அரைவாசிக்கும் கீழே போனது. இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் பிறப்பு அது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். சொட்டுமருந்து கொடுப்பதற்காக ஓரிரு நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதியை எங்களில் பலர் பிள்ளைகளாகவோ தாய்மாராகவோ கண்டிருக்கிறோம்.

போலியோவின் உறவுகள் இன்னும் உண்டு. 1998இல் தாய்வானில் கை, கால், வாய் நோய் பரவியபோது என்ரரோவைரஸ் 71 என்ற வகை 78 பேரைக் கொன்றது. அநேகர் ஐந்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடையவர்கள். மூளைத்தண்டு அழற்சியுற்று, அதன் விளைவாக நுரையீரல் நீரால் நிரம்பியது. இங்கும் கை, கால், வாய் நோய் வருகிறது, பயப்பட வேண்டாம். மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு கிழமையில் வீட்டிலேயே மாறிவிடும். தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உதறுவது, ஓயாத வாந்தி, நடை தள்ளாடுவது, மூச்சு வேகமாவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. அதே குடும்பத்தின் டி68 என்ற வகை தடிமன் போலவே சுவாச வழியாகப் பரவுவது. 2014இல் அது பரவிய காலத்தில் அமெரிக்காவில் 120 பேர், ஏறக்குறைய எல்லோருமே பிள்ளைகள், திடீரெனக் கைகால் தளர்ந்து போனார்கள். சிலருக்கு மூச்சுத் தசைகளும் தளர்ந்து வென்ரிலேற்றர் தேவைப்பட்டது.

கைக்குழந்தைகளில் ஆர்.எஸ்.வி. என்ற சாதாரண சளி வைரஸ் வேறு வழியில் மூச்சை நிறுத்தும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளிலும் குறைமாதத்தில் பிறந்தவர்களிலும் மூளைத்தண்டின் கட்டுப்பாடு இன்னும் முதிராதது. இருமல் தொடங்க முன்னரே, மூச்சு இடையிடையே நின்று போவது முதல் அறிகுறியாக வரலாம். 20 செக்கன் மூச்சு நின்றால், அல்லது அதைவிடக் குறைந்த நேரமே நின்றாலும் குழந்தை நீலம் பாய்ந்தால், துவண்டால், அது அவசரநிலை.

இன்புளுவென்சா வைரஸ் மூளைக்குள் நுழையாமலே அபூர்வமாகப் பிள்ளைகளின் மூளையை வீங்க வைக்கும். காய்ச்சலோடு வலிப்பு, குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம் என்றால் உடனே கொண்டு போங்கள். இன்னொன்று: வீட்டில் டிஸ்பிரின் இருந்தால் காய்ச்சல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். இன்புளுவென்சாவோ கொப்பளிப்பானோ உள்ள பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரெய்ஸ் நோய் வரக்கூடும். டெங்கு என்றால் குருதிக்கசிவு ஆபத்து வேறு. நிறைக்கேற்ற அளவில் பனடோல் போதும்.

எங்கள் உடல்களில் ஏற்கெனவே இருப்பவை

இப்போது அந்த 3, 4, 5 என்ற எண்களுக்கு வருகிறேன். செல்வீச்சிலும் சூட்டிலும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். காயம் கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ என்றால், பிரிமென்தகடு வேலை செய்தாலும் விலா, வயிற்றுத் தசைகள் வேலை செய்யாது. அவை இல்லாமல் பலமாக இரும முடியாது. மற்றவருக்கு மூன்று நாள் தடிமன், இவர்களுக்கு நியூமோனியா. வைரஸ் மூளையைத் தொடாமலே, மூளைத்தண்டின் கட்டளை போய்ச் சேரும் பாதை முன்னரே அறுந்திருப்பதால் வரும் ஆபத்து இது. சளி தொடங்கிய முதல் நாளே காட்ட வேண்டியவர்கள் இவர்கள். வீட்டில் பராமரிப்பவர் வயிற்றில் கை வைத்து, இருமும் நேரத்தில் அழுத்தி உதவும் முறை ஒன்று இருக்கிறது. இயன்மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுப் பழகிவிடலாம். இன்புளுவென்சாத் தடுப்பூசி பற்றியும் கிளினிக்கில் கேளுங்கள்.

இரண்டாவது, மருந்துகள். பழைய காயங்களின் வலிக்கு டிரமடோல் போன்ற மாத்திரைகளையும், நித்திரைக்கு டயசிபாம், குளோனசிபாம் போன்றவற்றையும் வருடக்கணக்கில் எடுப்பவர்களை எனக்குத் தெரியும். டிரமடோல் வகை மருந்துகள் அந்தத் தாளம் போடும் இடத்தையே மந்தப்படுத்துபவை. இரண்டும் சேர்ந்தால் கூடுதல் மந்தம். அதற்கு மேல் கசிப்போ சாராயமோ என்றால் சொல்லத் தேவையில்லை. நெஞ்சில் தொற்று உள்ள நாட்களில் இது பெரிய விடயம். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. என்ன மாத்திரை எடுக்கிறோம் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொன்னால் போதும்.

மூன்றாவது எனக்கு ஆற்றாமை தந்த விடயம். கோவிட் மூளைத்தண்டில் எதையாவது விட்டுச்செல்கிறதா என்பதற்கு உயிரோடு இருப்பவர்களில் கிடைத்த நல்ல சான்று, ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டது. வைத்தியசாலையில் இருந்து மீண்ட 30 பேரைச் சில மாதங்களின் பின் மிகச் சக்திவாய்ந்த எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தார்கள். மூளைத்தண்டில், நீள்வளைய மையவிழையம் உட்பட, அழற்சியின் சாயலான மாற்றங்கள் தெரிந்தன. நோய் கடுமையாக இருந்தவர்களில் அவை கூடுதலாக இருந்தன. 30 பேர் என்பது சின்னத் தொகை, முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் "நுரையீரல் சுத்தம், மூச்சுத்தான் சரியில்லை" என்பவர்களின் முறைப்பாட்டுக்கு உடலில் இடம் உண்டு என்பதை அது காட்டுகிறது. ஆனால் எம்.ஆர்.ஐ. என்பது பிரமாண்டமான காந்தம். உடலில் செல் துண்டு கிடப்பவரை அதற்குள் விடமுடியாது, துண்டு எங்கே, என்ன உலோகம் என்று முதலில் தெரிய வேண்டும். இப்படியான ஆய்வுகளில் எங்கள் ஆட்களில் பலர் ஒருபோதும் இடம்பெறப் போவதில்லை. யாரேனும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், துண்டு இருப்பதை, இருக்குமோ என்ற சந்தேகத்தைக்கூட, முன்கூட்டியே சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

"யோசனை" என்ற பதில்

யோசனையால் மூச்சு மாறாது என்று நான் சொல்லவில்லை. 2017இல் ஃபெல்ட்மனும் வேறு சில ஆய்வாளர்களும், முன் பொட்சிங்கர் தொகுதியிலிருந்து மூளையின் விழிப்பு மையத்துக்கு நேரடித் தொடர்பு இருப்பதை எலிகளில் காட்டினார்கள். மூச்சு வேகமானால் மனம் பதறும். மனம் பதறினால் மூச்சு வேகமாகும். வெடிச்சத்தத்துக்கு நெஞ்சு அடைப்பவருக்கு அந்தப் பாதை ஏற்கெனவே தேய்ந்த பாதை. வைரஸ் ஒன்று வந்து மூச்சின் ஒழுங்கைக் கொஞ்சம் குழப்பினாலே அது பழைய பாதையில் ஏறிவிடக்கூடும். கோவிட்டுக்குப் பின் பலரில் காணப்படும், மேல்நெஞ்சால் வேகமாக மூச்சு விடும் பழக்கம் மூச்சுப் பயிற்சியால் கணிசமாகக் குறைகிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு உளமருத்துவராக இருந்து, எங்கள் மக்கள் மனத்துயரை உடலின் மொழியில் சொல்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை வாசித்தவர்கள் சிலர் தலைகீழாக எடுத்துக்கொண்டு, உடல் சொல்வதையெல்லாம் மனத்துயர் ஆக்கிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். "யோசனை" என்று சொல்ல முன் செய்ய வேண்டிய பரிசோதனைகள் இருக்கின்றன: குருதிச்சோகை, இருதயம், தைரொயிட், ஆஸ்துமா, ஆறு நிமிடம் நடக்கவிட்டு ஒட்சிசன் அளவைப் பார்ப்பது. இவற்றைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

ஒக்சிமீற்றர் இல்லாத வீட்டிலும் மணிக்கூடு இருக்கும். நோயாளிக்குச் சொல்லாமல், அமைதியாக இருக்கும்போது நெஞ்சு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 25ஐத் தாண்டினால் அன்றே வைத்தியசாலை. 30 என்றால் அம்புலன்ஸ். குழந்தைகளுக்கு எல்லை வேறு: இரண்டு மாதத்துக்குக் குறைவு என்றால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ என்றால் கொண்டு போக வேண்டும். ஒக்சிமீற்றர் இருந்தால், விரலைச் சூடாக்கி, நகப்பூச்சை நீக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். 94இற்குக் கீழே என்றால் வைத்தியரிடம், 90இற்குக் கீழே என்றால் 1990இற்கு. நோயாளி தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி.